பெயர், இனம், வயது

இடி வெட்டி ஓய்ந்த பிறகு வருமே, அந்த மணம்.
நீலம் போட்டு உலர்த்திய வேட்டியின் மணம்.
நல்லதென்றுதான் மூக்கை நீட்டினேன்
செவ்வாய் காலை,
குழித்துறைப் பாலத்தில் பஸ் தேங்கி நின்றபோது.

மிருக ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சாக்கு.
உள்ளே பதினோரு லவ் பேர்ட்ஸ்.
"ராத்திரி கெடந்து கத்திச்சு,
விடியக்காலம் ஒரு அனக்கமும் இல்ல"
என்றாள் அஜிலா.
அவள் வீட்டின் பின்சுவர்தான்
கேன் வெள்ளக் கம்பெனிக்கும் சுவர்.
வெள்ளத்தில் கிருமி சாக ஓசோன் விடுவார்கள்.
நேற்றிரவு குழாய் வெடித்து
அது சுவர் ஏறி இறங்கியிருக்கிறது.

டாக்டர் மேல்புறத்தில், கோமாரி முகாமில்.
கத்தரி என் கையில்.

பறவையின் நுரையீரல் எளிதில் கழன்று வராது;
விலாவோடு அப்பிக்கிடக்கும், கட்டைவிரல் அகலம்.
நமக்கு மூச்சு போன வழியே திரும்பும்.
அதற்கு முன்னும் பின்னும் பைகள்,
நடுவில் ஒரே திசையில் ஓடும் காற்று,
ஆறு மாதிரி.
இழுத்தாலும் விட்டாலும் புதுக்காற்று.
பறக்கச் செய்த ஏற்பாடு.
கூண்டுக்குள் இருந்ததுகளுக்கு
அந்த ஏற்பாடு இப்படித்தான் உதவியது.
வெட்டிய இடத்தில் இளஞ்சிவப்பு நுரை.

பத்து மணிக்கு ஆடு வந்தது.
தள்ளை நிற்கிறது, குட்டி நிற்கவில்லை.
குழலை வைத்தால்
காதோரம் மயிரை விரலால் உரசும் சத்தம்.
ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் இழுத்து
நீலச்சாயம் விட்டுப் பார்த்தேன்:
சிவப்பணுவின் விளிம்பில் கரும்புள்ளி,
பப்படத்தில் எழும்பிய கொப்புளம்போல.

அந்த வாயு இரத்தம்வரை வருவதே இல்லை.
நுரையீரலின் ஈரத்தில், முதல் படியிலேயே,
கொழுப்பைக் கடித்துத் தீர்ந்துபோகிறது.
கடிபட்டதுதான் உள்ளே நடந்துபோய்
எல்லாவற்றையும் சொல்கிறது.

ஓடையோரத் தவளைகளை யாரும் கொண்டுவரவில்லை.
தோலாலும் மூச்செடுக்கிறவை.
நேற்றிரவு அவை கத்தினவா
என்று அஜிலாவிடம் கேட்டேன்.
மழை பெய்தது, கவனிக்கல்ல என்றாள்.

மதியம் றெஜின்.
ராத்திரி ஷிப்டு, மெஷின் பக்கம் நிற்கிறவன்.
கேன் அட்டைப்பெட்டியில் கம்பெனிப் பூச்சை.
பூச்சையின் இரத்தம் சாட்சிக்கு ஆகாது;
சுகமாய்க் கிடக்கிற பூச்சைக்கும்
அந்தக் கரும்புள்ளி கொஞ்சம் உண்டு.
அதைச் சொன்னேன். சிரிக்கப் போனவன்
இருமினான். சளியில்லாத, வறண்ட இருமல்.

மணம் தெரிஞ்சதா?
"முன்னயெல்லாம்... தெரியும்.
ஒரு மாசமா... இல்ல.
ரிப்பேரு செய்தாச்சு எண்ணு வெச்சேன்."

முன்னயெல்லாம் என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன்.
பயிற்சியில் ஒரு எலிப் பாடம் உண்டு.
கொஞ்சமாய்ச் சுவாசித்து வந்த எலி
பிறகு சாகும் அளவு கொடுத்தாலும் சாகாது.
பழகியது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.
மாதக்கணக்கில் அதையே கொடுத்து அறுத்தால்
உள்ளே சிறுகுழாய்ச் சுவர்கள் தடித்திருக்கும்.
எலிதான் பழகியது.

"கொஞ்சம் திரும்பும்" என்றேன்.
பூச்சையின் மேலிருந்த குழலை
அவன் சட்டை முதுகில் வைத்தேன்.
ஆழமா எடும்.
பாதியில் முட்டி நின்றது மூச்சு.
குட்டியிடம் கேட்ட அதே உரசல்.

"எனக்கு ஒண்ணும் இல்ல.
பூச்சைக்கு எழுதும்.
கம்பெனி பேரு மட்டும் வேண்டாம், கேட்டியளா."

சீட்டில் மூன்று கட்டம்: பெயர், இனம், வயது.
கம்பெனி பெயருக்குக் கட்டமே இல்லை,
ஓரத்தில் எழுதினேன்.
பூச்சைக்கு எழுதியதன் கீழே
றெஜின், கோடு, இருபத்தாறு.
பின்பக்கம்: ஆசாரிப்பள்ளம், இன்றைக்கே.
இப்படி எழுத எனக்கு அதிகாரம் கிடையாது.

"பூச்சை இங்கே கிடக்கட்டு.
அங்கே சீல் வெச்ச சீட்டோட வந்தா தாரேன்."

முறைத்தான். பெட்டியைப் பார்த்தான்.
வாசலில் மூன்றே படிகள்;
இரண்டாவதில் நின்று
கம்பியைப் பிடித்துக்கொண்டான்.
உள்ளே பூச்சை அட்டையைப் பிறாண்டியது.
நாகர்கோவில் பஸ் வர
இன்னும் பத்து நிமிடம் இருந்தது.